லூஸ் விட்டு அளந்த பாசி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தம்பி, அவன் மனைவி, பாப்பா ஐந்து பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது, இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான். போனில் பேசினால் நான் மூன்று வார்த்தை சொல்வதற்குள் நீ குறுக்கே விழுவாய், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் சாயங்காலம் வந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், அசல் தபாலில் வரும். நேற்று விசாரணைக்குப் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைச் சொல்லச் சொன்னதை அங்கே சொன்னேனா இல்லையா என்பது பின்னால் வருகிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, முதலிலிருந்து படி. எதையும் முதலிலிருந்து படிக்கும் பொறுமை உனக்கு இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து, நாலு வேளையும் நான் அவரைத் துரத்திப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டால் சினிமா வில்லன் மாதிரி இருக்கிறாராம், போட மாட்டாராம். இந்த வயசில் உங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், நீ பார்க்கிறாயே என்கிறார். தையல் கடையை முழுசாகத் தம்பியே பார்த்துக்கொள்கிறான், பள்ளிக்கூட யூனிபார்ம் வேலை குவிந்து கிடக்கிறது, நானும் மத்தியானத்தில் போய்ப் பித்தான் தைத்துக் கொடுக்கிறேன். பாப்பாவுக்கு நாலு பல் வந்துவிட்டது, கையில் எது கிடைத்தாலும் கடிக்கிறாள், போன வாரம் உன் பழைய அறிவியல் பரிசுக் கோப்பையைக் கடித்தாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது. நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. தையல்காரர் மகள் தன் அம்மாவுக்கு அளவு தெரியாமல் துணி வாங்குகிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். படிக்கப் போவதற்கு முந்தின வாரம் ஒரு நோட்டையும் உன் சிவப்பு நகப்பூச்சு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்தாய். மரத்தில், கல்லில், ஓட்டில் வெள்ளையாகவும் சாம்பலாகவும் ஒட்டிக்கொண்டிருக்கிற பாசியைக் காட்டி, பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்து எண் போட்டாய். பாசி என்று நான் சொன்னதற்கு முகத்தைச் சுளித்து, "பாசி இல்லம்மா, லைக்கன்"னு திருத்தினாய். ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாகக் குடித்தனம் நடத்துகிறதாம், ஒருத்தர் வீட்டைக் கட்ட ஒருத்தர் சமையலைப் பார்க்கிற மாதிரி. வேர் கிடையாது, மேல்தோல் கிடையாது, காற்றில் என்ன வந்தாலும் அப்படியே விழுங்கிவிடும், அதனால் காற்று கெட்டால் முதலில் சொல்வது அதுதான் என்றாய். நாற்பது பொட்டு வைத்தாய். நம் வீட்டு ஓட்டில் இரண்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெயில் படாத பக்கம் மூன்று, கல்லறைத் தோட்டத்தில் ஆறு, ஆற்றுப் பாறையில் ஐந்து, துருப்பிடித்த ஆஸ்பத்திரிக் கதவில் ஒன்று, பட்டறையில் கேட்பாரற்று நிற்கும் பழைய லாரியின் ஜன்னல் ரப்பரில்கூட ஒன்று, மிச்சமெல்லாம் சாலை மரங்களில். ரப்பரில் எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டேன், இடம் கொடுத்தால் போதும் என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நானும் அப்பாவும் ஒரு வாரம் கடையைச் சாயங்காலமே மூடிவிட்டு டேப்போடு கிளம்பினோம். அப்பா அளந்து சொல்வார், நான் எழுதுவேன். கல்லறைத் தோட்டக் காவலாளி அப்பா ஒரு கல்லின்மேல் குப்புறப் படுத்து அளப்பதைப் பார்த்து, "அழறதுன்னா உக்காந்து அழுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னு சொன்னார். இதெல்லாம் யாருக்காகச் செய்தோம்? உனக்காக.

நோட்டின் பின்பக்கத்தில், வேறு என்ன கண்ணில் பட்டாலும் எழுதிவை என்றும் நீதான் சொன்னாய். எழுதினேன். அளக்கிற ஒன்றுக்கு மட்டும் பொட்டு, ஆனால் அதே மரத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று நான் வருஷா வருஷம் எண்ணி எழுதினேன். பெயர் தெரியாததால் நானே வைத்துக்கொண்டேன். கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடாக இருப்பது எழுத்து. நடுவில் குழிந்த வட்டம் வட்டமாக இருப்பது பித்தான். ஓரம் சுருண்டு மடிந்தது லேஸ். கிளையில் தொங்குவது தாடி. அப்புறம் சாம்பல் ரோஜா, தெறிச்ச சுண்ணாம்பு, தேமல், கரும்பொட்டு, பச்சைப் பொடி, இன்னும் சில. கல்லறைத் தோட்டத்தில் காக்கை உட்காரும் கல்லில் மட்டும் ஆரஞ்சு. ஒருமுறை படம் எடுத்து அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்துவிட்டு, "அழகா இருக்கும்மா, ஆனா இதெல்லாம் ஆய்வுல சேராது, அளவு மட்டும் அனுப்பு"ன்னு பதில் போட்டாய். சரி, படித்தவள் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் கட்டு, அதனால் நானே அளந்தேன். அளவு போனதும் நீ துள்ளிக் குதித்தாய். நாற்பதில் முப்பத்தெட்டு சுருங்கிப்போய்விட்டது, மூன்று மில்லி, நாலு மில்லி, ஐந்து மில்லி என்று. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற அந்த ஆலை இரண்டாவது உலை போட அனுமதி கேட்டிருக்கும் நேரம், சாட்சி கையில் கிடைத்துவிட்டது என்று ஒரே ராத்திரியில் அட்டவணை போட்டு விசாரணைக்கு அனுப்பிவிட்டாய். உலை வரக்கூடாது என்பதில் எனக்கும் இரண்டு எண்ணம் இல்லை. பாப்பாவைச் சேர்க்கப்போகிற பள்ளிக்கூடம் ஆலைச் சுவரிலிருந்து நாலாவது தெரு. ஆனால் முதல் விசாரணையில் நீ வீடியோவில் திரை முழுக்கத் தெரிந்தபடி பேசி முடித்ததும், ஆலைக்காரர்கள் கூட்டி வந்த நிபுணர், டை கட்டிக்கொண்டு வந்தாரே அவர்தான், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆலை வாசல் மரத்திலும் அரை சென்டி சுருக்கம், ஆற்றுக்கு அக்கரைப் பாறையிலும் அதே அரை சென்டி சுருக்கம், கல்லில் நகத்தளவு வளரவே பத்து வருஷம் எடுத்துக்கொள்வது ஒரே வருஷத்தில் எப்படி அரை சென்டி குறையும் என்று. நீ புள்ளிவிவரம் அது இதென்று ஏதோ சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டே, "இதை அளந்தது ஒரு தையல்காரர் குடும்பம்னு கேள்விப்பட்டேன், ஒருவேளை துவைச்சதும் சுருங்கிடுச்சோ என்னவோ"ன்னார். ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நாற்பத்தோரு வருஷம் இந்த ஊருக்கே சட்டை தைத்த மனுஷனைப் பற்றி, அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே நாலு பேர் அங்கே உட்கார்ந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தருக்குக் காலர் திருப்பிக் கொடுத்ததே நான்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். அந்த டைக்காரர் மாதிரியே நடித்துக்கூடக் காட்டினேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ அளந்தப்போ லூஸ் எவ்வளவு விட்டே?"ன்னார். எனக்குப் புரியவில்லை. லூஸா, எதுக்கு லூஸ் என்று கேட்டேன். அதற்கு அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? "வளர்றதுன்னு பொண்ணு சொன்னாளே. வளர்றதுக்கு இடம் விடாம யாராவது அளவு சொல்லுவாங்களா? நான் எப்பவும் அரை சென்டி விட்டுத்தான் சொன்னேன்"ன்னார். பெரியவளே, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு நாள்கூட உள்ள அளவை உள்ளபடி வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் டேப் ஒன்று காட்டும், அவர் வாய் ஒன்று சொல்லும், நான் எழுதுவேன், துணி சரியாக இருக்கும். அதே பழக்கத்தில் பாசிக்கும் யூனிபார்ம் தைத்திருக்கிறார். நம்பாமல் டீத்தட்டைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். பதினாலு சென்டித் தட்டைப் பதினாலரை என்றார். சீப்பைக் கொடுத்தேன், அரை கூட. டி.வி. ரிமோட், அரை கூட. எதை நீட்டினாலும் அரை சென்டி, ஒரு மில்லிகூட முன்னே பின்னே இல்லை. கோபத்தில் கத்தினேன், கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகை வந்தது. ஏழு வருஷம் அவர் சொன்னதெல்லாம் அரை சென்டி கூட, இந்த வருஷம் நான் சொன்னது உள்ளபடி. எதுவும் சுருங்கவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்து எல்லாவற்றிலும் கழித்துப் பார்த்தேன். ஆற்றுப் பாறையில் இருப்பது இருந்தபடியே, அக்கரை மரங்களில் இரண்டு மில்லி வளர்ந்துகூட இருக்கிறது.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா மேல் கோபப்படுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. நீ மெதுவாக, பாப்பாவுக்குச் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னாய், "இதை வெளிய சொல்லாதேம்மா. செவ்வாய்க்கிழமை நோட்டைக் கொண்டுபோய்க் கொடு. எப்படி அளந்தீங்கன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரே டேப்லதான் அளந்தோம்னு சொல்லு. அது பொய் இல்லையே, டேப் ஒண்ணுதானே"ன்னு. ஏண்டி, இதைச் சொல்லிக்கொடுக்கவா அவ்வளவு தூரம் போய்ப் படித்தாய்? உலை வந்துவிடும் என்றாய், உன் பெயர் கெட்டுவிடும் என்றாய், உன் பேராசிரியை என்ன நினைப்பாள் என்றாய். எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த டைக்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்ததை எட்டு வருஷமாக அதே நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த நீ கவனிக்கவில்லையா? ஆலைப் பக்கமும் அக்கரையும் ஒரே மாதிரி குறைந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். உனக்கு வேண்டிய பதில் வந்துவிட்ட சந்தோஷத்தில் மேலே பார்க்காமல் விட்டுவிட்டாய். அப்பா செய்தது தெரியாமல் செய்தது. நீ என்னைச் செய்யச் சொன்னது அந்த மாதிரி இல்லை. இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் நீ சொன்னதை இன்னும் சொல்லவும் இல்லை.

நேற்றுக் காலையில் பஸ்ஸில் போகும்போது என்ன செய்தேன் தெரியுமா? நீ சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரே டேப்லதாங்க அளந்தோம், ஒரே டேப்லதாங்க அளந்தோம் என்று. முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நாலாவது தடவை சரளமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை, அது என்னைப் பயமுறுத்தியது. நூலகத்து மாடியில்தான் விசாரணை, பிளாஸ்டிக் நாற்காலி, கூச்சல் போடுகிற மைக். விசாரணை அதிகாரி என் வயசுக்காரம்மாதான், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, நீ சொன்ன மாதிரி எப்படி அளந்தீர்கள் என்று கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் அளந்தீங்களா?"ன்னு கேட்டார். அதற்கும் உன் பதிலைச் சொல்லியிருக்கலாம், பொருந்தியிருக்கும், அப்படிப் பொருந்துவதற்காகத்தானே அதைத் தைத்துக் கொடுத்தாய். நான், "இல்லைங்க"ன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மைக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வளர்வதற்கு இடம் விட்டு அளந்துவிட்டார், நான் உள்ளபடி அளந்தேன், அதனால்தான் சுருங்கின மாதிரி தெரிகிறது, என் மகள் அனுப்பிய அட்டவணை தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு. டைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதிகாரியம்மா பேனாவை மூடிவைத்து, "அப்படின்னா இந்த அட்டவணை செல்லாதும்மா, தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"ன்னார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். இதை உன் அம்மா உனக்குச் செய்தாள். வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முன்னால் என் கையாலேயே எழுதிவிட்டேன்.

ஆனால் அத்தோடு உட்கார்ந்துவிட நான் ஒன்றும் ஊமை இல்லை. அளவுதாங்க தப்பு, பின்பக்கம் திருப்பிப் பாருங்க என்றேன். ஆலை வாசலில் நிற்கிற மரத்தில் முதல் வருஷம் ஒன்பது வகை. முதல் உலை எரியத் தொடங்கிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் தாடி போனது. அப்புறம் லேஸ். அப்புறம் சாம்பல் ரோஜா. ஒவ்வொன்றாக ஒவ்வொரு வருஷமும் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. இந்த வருஷம் மிஞ்சியது பச்சைப் பொடியும் தெறிச்ச சுண்ணாம்பும், இரண்டே இரண்டு. அக்கரையில் ஆஸ்பத்திரி மரத்தில் முதல் வருஷம் பதினொன்று, இன்றைக்கும் பதினொன்று. நடுவில் உள்ள மரங்களில் ஆலையிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப்போக வகை கூடிக்கொண்டே போகிறது. எண்ணுவதற்கு டேப் வேண்டாம், இல்லாத ஒன்றுக்கு லூஸ் விட்டு அளக்கவும் யாராலும் முடியாது என்றேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. டைக்காரர் எழுந்து, "பேரே தெரியாத ஒண்ணை எப்படிம்மா எண்ணுவீங்க?"ன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எங்கள் கடையில் நூற்றுப்பத்து வகைப் பித்தான் இருக்கிறது, ஒன்றுக்கும் பெயர் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பிரித்துக் கொடுப்பேன், உங்கள் சட்டையில் டை விலகித் தெரிகிற, மேலிருந்து மூன்றாவது பித்தான் மாற்றித் தைத்தது, மற்றது மாதிரி அது ஓரம் வழவழப்பாக இல்லை, இங்கிருந்தே தெரிகிறது என்றேன். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அதிகாரியம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம், மரம் எங்கேயும் ஓடிப்போகாது, நடந்து போய்ப் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு பேர் வெயிலில் நடந்தோம். ஆஸ்பத்திரி மரத்தடியில் டைக்காரர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, நான் காட்டியதை எல்லாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லிக்கொண்டே போனார். பதினொன்று என்று நான் சொன்ன இடத்தில் அவர் பன்னிரண்டு சொன்னார். என் தேமல் ஒன்றில்லை, இரண்டாம், ஓரத்து நிறம் வேறாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆலை வாசல் மரத்துக்கு வந்ததும் அவர் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து வேர்ப்பக்கம் பார்த்தார், யாரையோ வரச்சொல்லி ஏணி வைத்துக் கிளையைக்கூடப் பார்த்தார். இரண்டுக்கு மேல் அவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு கிளையில் தாடி இருந்த இடத்தில் காய்ந்த அடிக்கட்டை மட்டும் பூண் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதை அவரே அதிகாரியம்மாவிடம் காட்டினார். பஸ் புகையும் காரணமாக இருக்கலாம் என்றுதான் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்கள், ஆனால் சிரிக்கவில்லை. திரும்பும்போது என் பக்கத்தில் நடந்து வந்து, "எழுத்துன்னு நீங்க வெச்ச பேரு ரொம்பப் பொருத்தம்மா, எங்க அறிவியல் பாஷையில வெச்சிருக்கிற பேருக்கும் அதே அர்த்தம்தான்"ன்னார். இந்த ஒரு வார்த்தையை உன்னிடமிருந்து கேட்க எட்டு வருஷம் காத்திருந்தேன், எதிர்க்கட்சிக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். அங்கே யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் அதிகாரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. இந்த எண்ணிக்கையைத் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்களாம், வெளியிலிருந்து ஒருவரை வைத்து மறுபடி எண்ணிப் பார்ப்பார்களாம், அதுவரைக்கும் உலைக்கு அனுமதி கிடையாதாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த அட்டவணை தப்பு என்றும், ஏன் தப்பு என்றும், அதை அனுப்பியவள் தன் கையெழுத்தில் எழுதித் திரும்பப் பெற வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வரவில்லை என்றால் அட்டவணையும் நோட்டும் ஒரே மனுவோடு வந்தவை என்பதால் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்களாம். ஆக, அம்மா சொல்லியாகிவிட்டது, இனி நீ பேசாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போடாதே. நீ பேசாமல் இருந்தால் தாடி போனதும் லேஸ் போனதும் ஒன்றுமில்லாமல் போகும், உலை வரும்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன், உன் போனை மட்டும் விட்டுவிட்டு. அவர் கடைத் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார், எல்லாத் தப்பும் என்னுடையது, என் மகளுக்கு எதுவும் தெரியாது என்று, கீழே கையெழுத்துப் போட்டு. இதையும் சேர்த்து அனுப்பு, பொண்ணுக்குப் பிரச்சினை வராது என்றார். நான் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தில் அப்பா தப்பு செய்தார் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. அவர் எப்படி அளந்தார் என்று இருப்பதை எழுது, நீ எதைப் பார்க்காமல் விட்டாய் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னதை எழுத வேண்டுமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய், அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, அப்பாவிடமும்கூட.

எழுதி அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணு, என்ன நேரமானாலும் பரவாயில்லை. திட்ட மாட்டேன், திட்ட வேண்டியதை எல்லாம் இங்கேயே திட்டி முடித்துவிட்டேன். நீ அழுதால் அழுது முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். நல்ல மனசோடும் நல்ல உடம்போடும் நீ ரொம்ப நாள் இருக்க வேண்டும், யார் முன்னாலும் தலை குனியாமல் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் காது வழியாகத்தான் ஏறும். வெள்ளிக்கிழமை, ஐந்து மணி, எங்கள் ஊர் ஐந்து மணி.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா